குளத்துக் கரையில் பறவை பார்க்கலாம் வாங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி, விஜயநாராயணம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு குளத்துக் கரையில் நாலைந்து பேர் சேர்ந்து பறவை பார்த்துக்கொண்டே நடப்போம். கட்டணம் கிடையாது, சங்கம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் முந்தின நாள் ராத்திரி போன் பண்ணிக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? எனக்கு மூட்டு வலி உண்டு.

தூரம் ஒன்றும் பெரிதில்லை. கரையின் ஒரு முனையில் உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் பக்கம் தொடங்கி நடுமடை வரைக்கும் போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டர் இருக்கும், அதற்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வோம். பத்தடி நடந்தால் ஐந்து நிமிடம் நிற்போம். உடற்பயிற்சிக்காக வருகிறவர்கள் இதில் கடுப்பாகிவிடுவார்கள், அவர்கள் தனியாக நடந்துவிட்டு வருவது எல்லாருக்கும் நல்லது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் சிரமம். மடைச்சுவரில் உட்கார்ந்துகொள்ளலாம், உட்கார்ந்தவர்களுக்குத்தான் மீன்கொத்தி பக்கத்தில் வந்து உட்காரும்.

காடு, மலை என்று போகாமல் ஏன் குளத்துக் கரை?

களக்காடு மலை தூரத்தில் தெரிகிறது, போகலாம்தான். ஆனால் காட்டுக்குள் பறவை சத்தம் கேட்கும், பறவை தெரியாது. புதிதாக ஆரம்பிக்கிறவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம். குளத்தில் எல்லாம் வெட்டவெளியில் நிற்கிறது, பெரிய உருவமாக, ஓடி ஒளியாமல்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பக்கத்து நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடல் நோக்கிச் சரிகிறது. அதனால் அநேகக் குளங்களுக்குக் கிழக்குப் பக்கம்தான் கரை, மேற்கே தண்ணீர் வந்து பரவுகிற உள்வாய். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் முகத்துக்கு நேரே. நாரையின் கால் நிறம், அலகு நிறம், கண் வளையம் வரைக்கும் பளிச்சென்று தெரியும். அப்படியே திரும்பிக் கீழே பார்த்தால் வயல். ஒரு பக்கம் தண்ணீர்ப் பறவை, மறுபக்கம் வயல்வெளிப் பறவை, தலைக்கு மேலே கரையோரப் பனையில் இன்னொரு கூட்டம். மூன்று வகை இடத்தையும் ஒரே ஒற்றையடிப் பாதையில் நின்று பார்த்துவிடலாம். இதைத் திட்டம் போட்டு யாரும் கட்டவில்லை, தண்ணீரைத் தேக்கக் கட்டினார்கள், நமக்கு வசதியாகிப் போனது.

சாயங்காலம் வந்தால் கதை தலைகீழ். சூரியன் கண்ணில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும் என்றால் உள்வாய்ப் பக்கம் போய் நின்று கிழக்கே பாருங்கள்.

எந்த மாதம் வந்தால் நிறையப் பறவை இருக்கும்?

மாதத்தைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதில் ஒன்றை மட்டும் மனசில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

வடகிழக்குப் பருவமழை அடித்துக் குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது என்று செய்தி வந்ததும் சென்னையிலிருந்துகூட ஆள் வருவார்கள், கேமராவோடு. வந்து பார்த்தால் கடல் மாதிரி தண்ணீர் விரிந்து கிடக்கும், பறவை நாலு இருக்கும். முகம் வாடிவிடும். காரணம் எளிது. நாரைக்கும் கொக்குக்கும் உள்ளானுக்கும் நீந்தத் தெரியாது, அவை காலூன்றி நின்று மேய்பவை. உள்ளானுக்கு விரல்கடை ஆழம் போதும், நெடுங்கால் உள்ளானுக்குச் சாண் ஆழம், மஞ்சள் மூக்கு நாரைக்குக்கூட முழங்காலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். குளம் தளும்பி நிற்கும்போது அந்த ஆழம் எங்கே இருக்கிறது? உள்வாயின் கடைசி ஓரத்தில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில். அப்போது நடுத்தண்ணீரில் தெரிவதெல்லாம் நீந்துகிற, முக்குளிக்கிற ஆட்கள் மட்டும்: முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், புள்ளிமூக்கு வாத்து, அதிர்ஷ்டம் இருந்தால் வடக்கேயிருந்து வந்த ஊசிவால் வாத்து.

அப்புறம் பிசானம் என்கிற பருவ நெல்லுக்கு மடை திறப்பார்கள். தை, மாசியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், உள்வாயில் சேறு வெளியே வரும். அந்தச் சேற்று ஓரம் ஒவ்வொரு வாரமும் உள்ளே நகர்ந்துகொண்டே போகும், அதோடு சேர்ந்து பறவைகளும் நகரும். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், உப்புக்கொத்தி, பெயர் சொல்லிக் குழம்புகிற அளவுக்கு வகைவகையாக உள்ளான்கள் எல்லாம் வந்து குவிவது அப்போதுதான். பங்குனி, சித்திரையில் குளம் வற்றிக் கடைசிக் குட்டை மட்டும் மிஞ்சும்போது மீனெல்லாம் அந்த ஒரே இடத்தில் நெருங்கும். அந்த வாரம் அங்கே நிற்க வாய்த்தால் விடாதீர்கள். கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் பருந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்காத குறைதான்.

ஆக, வலசைப் பறவைகள் ஐப்பசி முதல் பங்குனி வரை என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் ஒரே மாதத்தில் பக்கத்துப் பக்கத்துக் குளங்கள் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். ஒன்று தளும்பும், அடுத்தது அரைக்குளம். அரைக்குளத்துக்குப் போங்கள். மீன் குத்தகைக்காரரிடமோ ஆடு மேய்ப்பவரிடமோ ஒரு போன் போட்டால் போதும், எந்த வானிலைச் செயலியும் சொல்லாத தகவல் கிடைக்கும்.

காலையில் எத்தனை மணிக்கு?

ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். ஒன்பதுக்கு மேல் வெயிலில் கானல் ஆட ஆரம்பித்துவிடும், தூரத்துப் பறவை தண்ணீரில் கரைந்த மாதிரி தெரியும். "ஏழரைக்கு வந்தால் பரவாயில்லையா" என்று கேட்பவர்கள் எட்டேகாலுக்கு வருவார்கள் என்பது அனுபவம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்குதானே? எப்படித்தான் பிரிக்கிறீர்கள்?

எல்லாரும் இங்கேதான் முதலில் தடுக்கி விழுவது. வெள்ளைக் கொக்கு நம்மிடம் நாலு வகை, நாலையும் ஒரே காலையில் ஒரே குளத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் அலகைப் பாருங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. தண்ணீருக்குள் நிற்கும்போது பாதம் தெரியாது, பறக்கும்போது பாருங்கள், சாக்ஸ் மாட்டிய கணக்காகத் தெரியும். அலகு மஞ்சளாக, கழுத்து குட்டையாக, மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னாலேயே நடந்தால் உண்ணிக்கொக்கு. அது தண்ணீரைவிடப் புல்தரையைத்தான் விரும்பும், பூச்சி பிடிக்கிற ஆள். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும், அப்போது யாருக்கும் சந்தேகம் வராது.

மீதி இரண்டு, பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும். உயரத்தை வைத்துச் சொல்லாதீர்கள், பக்கத்தில் இன்னொன்று நிற்காவிட்டால் உயரம் ஏமாற்றும். பெரிய கொக்கின் கழுத்து நடுவில் ஒடிந்தது மாதிரி ஒரு முடிச்சோடு வளையும், வாய் பிளக்கிற கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும், தலை உருண்டையாக இருக்கும். இன்னொரு சிக்கல், பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பாகிவிடும். அதனால் "கறுப்பு அலகு, ஆகவே சின்னக் கொக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள்.

ஐந்தாவதாக ஒரு ஏமாற்றுக்காரன் உண்டு: மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். வரப்பில் மண் நிறத்தில் ஆடாமல் நிற்கும், மிதிக்கிற தூரம் போகிறவரை தெரியாது. சடாரென்று கிளம்பினால் இரண்டு சிறகும் வெள்ளை வெளேர் என்று விரியும். கீழே இறங்கி மடக்கியதும் மறுபடி மண்.

இதெல்லாம் ஒரே நாளில் பிடிபடாது. பிடிபடாவிட்டால் நோட்டில் "கொக்கு" என்று எழுதுங்கள், யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

பைனாக்குலர் இல்லாமல் வரலாமா? வாங்குவதென்றால் எது?

வரலாம். எங்களிடம் இருப்பதைக் கை மாற்றிக்கொள்வோம். வாங்குவதாக இருந்தால் மேலே 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர், விடிகாலையில் போதுமான வெளிச்சம் உள்ளே வரும். பத்து மடங்கு இன்னும் நல்லதில்லையா என்று கடைக்காரர் கேட்பார். கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்க்கிற வட்டமும் சுருங்கும், பறக்கிற பறவையைத் தேடுவதற்குள் அது அடுத்த குளத்துக்குப் போயிருக்கும். ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று இணையத்தில் மலிவாக விற்பதைத் தொடவே தொடாதீர்கள்.

வாங்கியதும் வலது கண் வளையத்தைச் சரி பண்ண வேண்டும், இதைப் பலபேர் செய்வதே இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு நடு உருளையைத் திருகி இடது கண்ணுக்கு ஒரு மரக்கிளையைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான், இனிமேல் நடு உருளை மட்டும் போதும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிடுங்கள். சூரியனைப் பார்க்கவே கூடாது, குழந்தைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மெர்லின் செயலி இருக்கிறதே, அதுவே பெயர் சொல்லிவிடுமே?

சொல்லும். சத்தத்தைக் கேட்டே சொல்லும். தையல்சிட்டு, குயில், செம்போத்து, ஆள்காட்டி மாதிரி வாயாடிகளைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் குளத்து நாரைகள் அநேகமாக ஊமை, நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் கூட்டில் அலகைத் தட்டுவதோடு சரி. அங்கே செயலிக்கு வேலை இல்லை. என் அபிப்பிராயம், முதலில் பறவையைப் பாருங்கள், நீங்களாக ஒரு பெயர் நினையுங்கள், அதற்கப்புறம் போனை எடுங்கள். போனையே பார்த்துக்கொண்டு கரை முழுக்க நடந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன், தலைக்கு மேலே விரால் அடிப்பான் கழுகு மீனோடு போனது அவர்களுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கூடாது: செயலியில் பறவைக் குரலைப் போட்டுக் காட்டிக் கூப்பிடுவது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது மேய்ச்சலையும் கூட்டையும் விட்டுவிட்டு அலைபாயும்.

பாம்பு இருக்குமா? என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும்?

கரை என்றால் பாம்பு இருக்கும். நல்லபாம்பு, கண்ணாடி விரியன் இரண்டும் உண்டு. மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, புல் அடர்ந்த இடத்தில் பார்த்து மிதித்தல், இவ்வளவு போதும். பறவையைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், பார்க்கும்போது நில்லுங்கள், நடக்கும்போது தரையைப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம், மங்கின நிறம் எதுவானாலும் சரி. காட்டுப்பட்டாளத்துச் சட்டையெல்லாம் தேவையில்லை, அதைப் போட்டுக்கொண்டு வந்தால் ஊர்க்காரர்களுக்குத்தான் சந்தேகம் வரும். தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர்.

ஊர்க்காரர்கள் ஏதாவது சொல்வார்களா?

கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். "என்ன அண்ணாச்சி, சர்வே எடுக்க வந்திருக்கியளோ? குளத்தை ஆழப்படுத்தப் போறாங்களா?" என்பதுதான் வழக்கமான முதல் கேள்வி. கழுத்தில் குழலும் கையில் நோட்டும் இருந்தால் பொதுப்பணித் துறை ஆள் என்று நினைப்பது நியாயம்தான். நின்று பதில் சொல்லுங்கள், பைனாக்குலரைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்த ஐந்தாவது நிமிடம் அவர் உங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிப்பார், எந்த மரத்தில் போன வருசம் நாரை கூடு வைத்தது, எந்த மடைக்குள் சிரால் மீன்கொத்தியின் பொந்து இருக்கிறது என்று. நாங்கள் பார்த்த நல்ல விஷயங்களில் பாதி இப்படி யாராவது காட்டியதுதான்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் கரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பறவை பார்க்க வருவதில்லை. கரைச் சரிவிலும் உடைமரத்து மறைவிலும் ஆள் இருப்பார்கள். படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் திசைக்குப் பைனாக்குலரோ கேமராவோ திரும்பவே கூடாது, அங்கே எவ்வளவு அபூர்வமான பறவை நின்றாலும் சரி. கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். இதைக் கடைப்பிடிக்காத ஒருவர் வந்துவிட்டுப் போனால் அந்த ஊர்க் கரையில் அடுத்த வருசம் யாரும் கால் வைக்க முடியாது.

மீன் குத்தகை எடுத்தவருக்கு நீர்க்காகத்தின்மேல் கோபம் இருக்கும், சிலர் வெடி போட்டு விரட்டுவதும் உண்டு. அவரிடம் போய்ப் பறவைப் பாதுகாப்பு என்று பிரசங்கம் பண்ண வேண்டாம். பணம் கட்டியவர் அவர்.

வயல் பக்கம் என்ன பார்க்கலாம்?

தண்ணீரிலேயே கண்ணை வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நாற்று நடத் தொழி அடித்து வயலைச் சேறாக்கும்போது மேலே மீசை ஆலா தாழப் பறந்து பறந்து கொத்தும், அன்றில் கூட்டம் கறுப்பாக இறங்கும். மின்கம்பியில் கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை, குளிர்காலமானால் தகைவிலான் வரிசை. பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாக இருக்கும், கிளம்பினால்தான் அதன் நீலம் தெரியும். மொட்டைப் பனையின் பொந்தில் கிளி, பச்சைப் பனையின் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் கூடு, கிணற்றுக்கு மேலே சாய்ந்த கிளையில் தூக்கணாங்குருவி. தூக்கணாங்குருவியில் ஆண்தான் நெய்யும், பாதிக்கூடு கட்டி ஊஞ்சல் மாதிரி நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும், பெண் வந்து உள்ளே உட்கார்ந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டி முடிக்கும். பாதியில் நிற்கிற கூடுகள் எல்லாம் பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று போனவை.

சூறைக்குருவியைச் சொல்லாமல் விட முடியாது. மத்திய ஆசியாவிலிருந்து வருகிற ரோஜா நிற மைனா, நம் பக்கம் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கும். பகலெல்லாம் வயலிலும் காட்டிலும் வெட்டுக்கிளி பிடித்துத் திரிந்துவிட்டு, பொழுது சாய்கிற நேரம் குளத்து முள்மரங்களில் அடைய வரும். அடைவதற்கு முன்னால் மொத்தக் கூட்டமும் வானத்தில் சுருண்டு விரிந்து திரும்பும், வல்லூறு ஒன்று நடுவில் பாய்ந்தால் அந்தத் திருப்பம் இன்னும் வேகமாகும். இதற்காக மட்டும் ஒரு சாயங்காலம் வரலாம்.

கூந்தன்குளம் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறதே, நேரே அங்கே போனால் என்ன?

போங்கள், கட்டாயம் போக வேண்டிய இடம். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது, மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது. தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும், எச்சமும் மீன் வாடையும் சேர்ந்தே வரும், ஊர்க்காரர்கள் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை. எச்சம் விழுந்த குளத்து வண்டலும் தண்ணீரும் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குப் பழைய கணக்கு. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துவிட்ட பால்பாண்டி அந்த ஊர்க்காரர்தான், 2020இல் காலமானார்.

குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்தைத் தேடுங்கள். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற ஆள். பகலில் தண்ணீரோரம் தூங்கி வழியும், ராத்திரியில் வயலுக்கு மேயப் போகும். "இவ்வளவு தூரம் வந்து சும்மா உட்கார்ந்திருக்கே" என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

ஆனால் சரணாலயத்தை வருசத்துக்கு ஒருமுறை பார்ப்பதும், உங்கள் ஊர்க் கரையை மாதத்துக்கு இரண்டுமுறை நடப்பதும் வேறு வேறு. பறவை எப்போது வந்தது, எப்போது போனது, தண்ணீர் இறங்க இறங்க யார் யார் மாறினார்கள் என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

போட்டோ எடுக்கலாமா?

எடுங்கள். கூட்டை எடுக்காதீர்கள். பங்குனிக்கு மேல் வற்றிய உள்வாயில் இறங்கி நடக்கவும் வேண்டாம், ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறும் தரையில்தான் முட்டை வைக்கும், மண்ணும் முட்டையும் ஒரே நிறம். ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றினால் நீங்கள் நிற்பது தப்பான இடம் என்று புரிந்துகொண்டு வந்த வழியே திரும்புங்கள்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம், ஏழெட்டு வயசுக்கு மேல். நீளவால் இலைக்கோழியைக் காட்டுங்கள், தாமரை இலைமேல் நடக்கிறதே என்று வாயைப் பிளப்பார்கள். அதில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சைக் கவனிப்பதும் அப்பாதான் என்று சொன்னால் வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேள்வி கேட்பார்கள். பாம்புத்தாராவும் பிடிக்கும், உடம்பு தண்ணீருக்குள் இருக்கக் கழுத்து மட்டும் வெளியே நெளியும். சத்தம் போடுவார்கள், போடட்டும், குளம் பெரிசு.

எண்ணி எழுதுகிறீர்களே, எதற்கு? ஆயிரம் பறவையை எப்படி எண்ணுவது?

ஒன்று ஒன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவையை எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று மனசில் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த அளவு மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பெரிய கூட்டமென்றால் பத்துக்குப் பதில் ஐம்பது. ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபக்கம் வரை ஒரே மூச்சில் போக வேண்டும், நடுவில் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

பறவை பார்ப்பவர்களின் பட்டியல்களைச் சேர்த்து வைக்கிற இபேர்ட் இணையதளத்தில் உங்கள் பட்டியலை ஏற்றலாம். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பதினைந்து நிமிடம் நின்று எண்ணி ஏற்றினால் போதும், வீட்டு மாடியிலிருந்தேகூட. நம் பக்கம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது, தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து குளங்களுக்குப் போவார்கள். புது ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நோட்டில் தேதி, நேரத்தோடு தண்ணீர் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்: முழுக்குளம், அரை, கால், குட்டை. இரண்டு வருசம் கழித்துப் பார்க்கும்போது எண்ணிக்கை ஏன் கூடியது குறைந்தது என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கும். இதை எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு "பறவையெல்லாம் அழிந்துவிட்டது" என்றோ "பெருகிவிட்டது" என்றோ வாட்ஸப்பில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

குளத்துக்குள் இருக்கும் முள்மரத்தை எல்லாம் வெட்டிவிட்டால் பறவைக்கு நல்லதுதானே?

எல்லாரும் கேட்கிற கேள்வி, ஆளுக்கொரு பதில் இருக்கும். சீமைக்கருவேலம் குளத்தை அடைத்துக்கொண்டு உள்வாய்ச் சேற்றை மூடிவிட்டால் மேய்கிற பறவைக்கு இடமில்லை, அது உண்மை. ஆனால் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுவதும், சூறைக்குருவி அடைவதும் முள்மரத்தில்தான், நாயும் மனுசனும் ஏற மாட்டார்கள் என்பதால். தூர்வாருகிறோம் என்று ஜேசிபி வைத்து நாட்டுக் கருவேலம் உட்பட ஒரே வாரத்தில் மொட்டையடித்து, அதோடு குளத்தைக் கிண்ணம் மாதிரி செங்குத்தாகத் தோண்டி வைத்தால், ஆழம் கூடும், ஓரம் போய்விடும். உள்ளானுக்கு அந்தக் குளம் செத்தது. நடுவில் ஆழம், ஓரத்தில் சரிவு, கூடு உள்ள மரங்களை விட்டுவைப்பது, வேலையைக் குஞ்சு பறந்த பிறகு ஆரம்பிப்பது. என் கட்சி இதுதான்.

கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தால் என்ன செய்ய?

இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாயோ பூனையோ இருந்தால் ஒரு கிளையில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். உண்மையிலேயே அடிபட்டிருந்தால் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

கொக்கு, காட்டுக் காடை விற்கிறார்களே?

1972ஆம் வருடத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம், கூண்டுக் கிளியும் அதில் அடக்கம். நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். இடம், நேரம் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நடைக்கு வருகிறவர்களும் உண்டு, அவர்களிடம் நான் பேசுவதில்லை.

குளம் முழுக்கக் காய்ந்துவிட்டால் நடை உண்டா?

உண்டு. ஆனி, ஆடியில் வெறுந்தரையில் ஆட்டுக் கிடை போட்டிருப்பார்கள், அங்கே உண்ணிக்கொக்கும் மைனாவும் இருக்கும். வெடிப்பு விட்ட தரையில் சாம்பல்தலை வானம்பாடி ஓடும், மஞ்சள் மூக்கு ஆள்காட்டி நிற்கும், கொண்டலாத்தி தரையைக் குத்திக்கொண்டிருக்கும். காற்றுக் காலம், மண் கண்ணில் அடிக்கும். வருகிறவர்கள் குறைவு, பேச்சும் குறைவு, எனக்கு அது வசதி.

சாப்பாடு, டீ?

ஒன்பதரைக்கு முடித்துவிட்டு ரோட்டுக்கு வந்தால் டீக்கடை இருக்கும், வடை தீர்ந்திருக்கும். கரையில் பிஸ்கட் கவரையோ பாட்டிலையோ போட்டுவிட்டு வராதீர்கள். வருவதாக இருந்தால் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், எந்தக் குளம் என்பதைத் தண்ணீர் விசாரித்துவிட்டு அப்போதுதான் முடிவு பண்ணுவோம்.